கோப்பிங் விவகாரம்

எங்கள் செயலகத்தில் வேலையெல்லாம் முறைப்படிதான் நடக்கும். அந்த முறை எதுவென்று கண்டுபிடிக்க மட்டும் சிலவேளை மூன்று மாதம் எடுக்கும். செயலகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். கல்முனைக்கும் ஒலுவிலுக்கும் இடையில், பிரதான வீதியோரமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். நான் அங்கே தமிழ்த் தட்டெழுத்தாளனாக இருந்தவன். அந்தக் காலமாக இருந்தால் என்னிடம் விளக்கம் கேட்கும் கடிதத்தையும் நானே தட்டிக் கையெழுத்துக்கு வைத்திருப்பேன். பெயர் றினாஸ்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. ஒன்பது நாள் மழை விடவில்லை. களப்பு நிரம்பித் தண்ணீர் ஊருக்குள் ஏறத் தொடங்கியது. களப்பைக் கடலிலிருந்து மறிக்கும் மணல்மேட்டில் முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும், அதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும் என்று எழுதினோம். கடிதம் வருவதற்கிடையில் தண்ணீர் பொறுமையிழந்து முகத்துவாரத்தைத் தானே வெட்டிக்கொண்டு கடலுக்குப் போனது. போகிற வழியில் பாலங்கரைக் கிராமத்து மண்வீடுகள் நாற்பத்திரண்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. நல்லகாலம், சனத்தில் ஒருவரும் போகவில்லை. கிராம சேவகர் றஸாக், தண்ணீர் கழுத்துமட்டம் நின்ற நேரம் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு முறை போய்வந்தார். அதற்கு அனுமதிக் கடிதம் தேவை என்று அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

நாற்பத்திரண்டு குடும்பங்களும் பாலங்கரைப் பாடசாலையில் தங்கினார்கள். தை மாதம் பாடசாலை தொடங்கியபோது கட்டடத்தின் ஒரு பாதியில் பிள்ளைகள் படித்தார்கள், மறுபாதியில் குடும்பங்கள் இருந்தன. நடுவில் இரண்டு கரும்பலகைகள்தான் சுவர். குடும்பங்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கூரைக்குத் தகரம். மண்ணைக் குழைத்துச் சுவரை அவர்களே எழுப்பிவிடுவார்கள். தகரத்தை மட்டும் குழைத்து எடுக்க ஏலாது.

தகரம் தரக்கூடிய வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று கொழும்பில் இருந்தது. எங்கள் விண்ணப்பத்துக்கு அங்கிருந்து ஆங்கிலத்தில் ஒரே வரியில் பதில் வந்தது. பாதிக்கப்பட்ட நாற்பத்திரண்டு குடும்பங்களும் எப்படிக் 'கோப்பிங்' என்பதை உடனடியாக அறியத்தரவும். அவ்வளவுதான்.

பிரதேச செயலாளர் ஷரிபுதீன் சேர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு தலைமைக் கிளாக்கரான பிரதம இலிகிதர் அச்சிமுகம்மதுவைக் கூப்பிட்டார். பதிலைத் தட்ட நானும் நின்றேன்.

"இந்தக் கோப்பிங் எண்ட சொல் எனக்குத் தெரியும்" என்றார் சேர். "ஆனா உத்தியோகக் கடிதத்தில வரக்குள்ள அதுக்கு வேற கருத்து இரிக்கும். நீங்க ஒருக்காப் பாருங்க."

அச்சிமுகம்மது ஐம்பத்தேழு வயது ஆள். மட்டக்களப்பில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் ஒன்று இருக்கிறது என்று எங்களில் யாரும் அதுவரை நினைத்ததில்லை, அவரும் நினைத்ததில்லை. அலுமாரியைத் திறந்து, வெள்ளைக்காரன் விட்டுப்போன அகராதியை எடுத்துத் தூசு தட்டினார். கறையான் எங்களுக்கு முந்தியே அதைப் படித்திருந்தது. 'கோப்' என்ற சொல்லுக்கு நேரே முதலாவது கருத்தைத் தின்றுவிட்டு, இரண்டாவதை மட்டும் விட்டு வைத்திருந்தது.

"கிடைச்சிட்டு சேர்" என்றார் அச்சிமுகம்மது. "கோப் எண்டா, மேற்றிராணிமார், அதான் பிஷப்மார், பூசையில போடுற நீண்ட மேலங்கி."

"பாலங்கரையில ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் இல்லையே."

"நிவாரணத்தில மதம் பாக்கப்படாது எண்டு சுற்றுநிருபம் இரிக்கி சேர்."

சேர் அதை ஏற்றுக்கொண்டார். சுற்றுநிருபம் என்றால் அவர் எதையும் ஏற்றுக்கொள்வார்.

"அப்ப கடிதத்திர கருத்து?"

"குடும்பங்கள் எப்படி மேலங்கி அணிந்திருக்கின்றன எண்டு கேக்கான். வெள்ளைக்காரன் நாடு குளிர்தானே. நனைஞ்ச சனம் எண்டு கேள்விப்பட்டதும் முதல்ல அங்கிதான் அனுப்பியிருப்பான்."

"அனுப்பிப்போட்டுத்தான் கேக்கான்" என்று சேர் மெதுவாகச் சொன்னார்.

மூவரும் ஒரே நேரத்தில் ஒரே விசயத்தை யோசித்தோம். அதை வாய்விட்டுச் சொன்னவர் சேர்தான்.

"அப்ப நாற்பத்திரண்டு மேலங்கியும் எங்க?"

பாலங்கரைக்கு வருகிற எந்தச் சாமானும் கிராம சேவகர் றஸாக்கின் கையால்தான் போகும். ஆகவே றஸாக் அழைக்கப்பட்டார். ஓய்வூதியத்துக்கு அவருக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

"மேலங்கியா?" என்றார் அவர். "எனக்குக் கட்டிலுக்குக் கட்டுற நுளம்புவலைதான் வந்திச்சி. ஆளுக்கு ஒண்டு. எல்லாத்துக்கும் கையெழுத்து இரிக்கி."

"நுளம்புவலையைப் போத்திக்கிட்டா மேலங்கிதானே?" என்று அச்சிமுகம்மது சந்தேகம் எழுப்பினார்.

"போத்திக்கிட்டுப் பாருங்க சேர், தெரியும்" என்றார் றஸாக்.

இந்தப் பதில் அவருக்கு எதிராகப் பதியப்பட்டது. மறுநாள் நான் பின்வருமாறு தட்டினேன்: 'உமது பொறுப்பில் இருந்திருக்கக்கூடிய நாற்பத்திரண்டு மேலங்கிகள் காணாமற்போனமை தொடர்பாக, அவை உமக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தக்க ஆதாரங்களுடன் பதினான்கு நாட்களுக்குள் நிரூபிக்கத் தவறும் பட்சத்தில், உமது ஓய்வூதியம் குறித்து மீள்பரிசீலனை செய்யப்படும்.' தட்டி முடித்துவிட்டு மீண்டும் வாசித்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

கிடைக்காத ஒரு பொருள் கிடைக்கவில்லை என்பதற்கு ஆதாரம் எங்கே கிடைக்கும்? றஸாக் யோசித்து, குடும்பத்துக்கு ஒரு கையெழுத்து வாங்குவது என்று முடிவு செய்தார். சாட்சிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய சைக்கிள் பாரில் நான், என் மடியில் நாற்பத்திரண்டு படிவம்.

பாடசாலை விறாந்தையில் முதலில் இருந்தவர் சுபைறா ராத்தா. வயதில் மூத்த பெண்களை எங்கள் பக்கத்தில் ராத்தா என்றும் ஆண்களைக் காக்கா என்றும்தான் கூப்பிடுவோம். புருசன் மௌத்தாகி ஆறு வருடம். இரண்டு பெண்பிள்ளைகள். வெள்ளம் வந்த நாள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடியது இடியப்ப உரலையும் அதை ஆவியில் அவிக்கிற நீத்துப்பெட்டிகளையும்தான். பாடசாலைக்கு வந்த மூன்றாம் நாளே விறாந்தையில் அடுப்பு மூட்டி இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கிவிட்டார். ஆசிரியர்மாரே அவரிடம்தான் காலைச்சாப்பாடு எடுத்தார்கள்.

"புள்ள, உங்களுக்கு மேலங்கி கிடைச்சதா?" என்று றஸாக் கேட்டார்.

"என்ன அங்கி?"

"நீளமானது. கழுத்திலருந்து கால் மட்டும் வரும். பூ வேலைப்பாடும் இரிக்குமாம்."

சுபைறா ராத்தா உரலைக் கீழே வைத்தார். "றஸாக் காக்கா, நான் வீட்டுக்குத் தகரம் கேட்டன். நீங்க எனக்குச் சட்டைக்கு அளவெடுக்க வந்திரிக்கீங்களா?"

"அளவில்ல புள்ள. கிடைக்கல்ல எண்டு ஒரு கையெழுத்து."

"கிடைக்கல்ல எண்டு எழுதினா தகரம் வருமா?"

றஸாக் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த படிவங்களை அடுக்கினேன். மேலங்கி விசாரணை முடியும்வரை பாலங்கரை தொடர்பான ஏனைய விண்ணப்பங்கள் எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அதற்கான கடிதத்தையும் நான்தான் தட்டியிருந்தேன்.

"நீங்க போடாட்டி எனக்குப் பென்சன் இல்லாமப் போகும்" என்று கடைசியில் றஸாக் உண்மையைச் சொன்னார்.

ராத்தா கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு இரண்டு பேருக்கும் இடியப்பமும் சொதியும் தந்தார். சாட்சிக்கு வந்தவன் சாப்பிடலாமா என்று விதிமுறையில் எதுவும் இல்லை. நான் சாப்பிட்டேன்.

நாற்பத்திரண்டு கையெழுத்தையும் இணைத்து, மேலங்கிகள் எவையும் இதுவரை வந்து சேரவில்லை, உடனடியாக அனுப்பி உதவவும் என்று கொழும்புக்கு எழுதினோம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நாங்கள் மேலங்கி எதுவும் அனுப்பவில்லை, அனுப்பும் உத்தேசமும் இல்லை. நாங்கள் கேட்டது கோப்பிங் பற்றி. இந்த முறை அந்தச் சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

"கோடு போட்டா கருத்து மாறுமா?" என்று சேர் கேட்டார்.

"ஒரு கோட்டுக்கு மாறாது. ரெண்டு கோடு எண்டா யோசிக்கத்தான் வேணும்" என்றார் அச்சிமுகம்மது.

அந்த நேரம் பார்த்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜீவராஜ் ஒரு மதகு வேலைக்குக் கையெழுத்து வாங்க உள்ளே வந்தார். காரைதீவு ஆள், நல்ல மனிசன். கட்டட விசயம் தவிர வேறு எதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் இந்தச் சொல் காதில் விழுந்ததும் நின்றுவிட்டார்.

"கோப்பிங்கா? அது எங்கட சாமானெல்லோ சேர்."

"என்ன சாமான்?"

"மதிலுக்கு மேல வைக்கிற மூடி. மழைத்தண்ணி சுவருக்குள்ள இறங்காம ரெண்டு பக்கமும் சாய்வா வார்த்து வைப்பம். மேசன்மாரக் கேட்டுப் பாருங்க, கோப்பிங் எண்டுதான் சொல்லுவாங்க." மேசையில் கிடந்த ஒரு சுற்றுநிருபத்தின் முதுகில் படமே கீறிக் காட்டினார்.

ஷரிபுதீன் சேரின் முகம் மலர்ந்தது. வெள்ளம், வீடு, சுவர், சுவருக்கு மேல் மூடி. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. மேலங்கியைவிட இது எவ்வளவோ மேல். அச்சிமுகம்மது மட்டும் அகராதியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, ஒரு கிழமை யாரோடும் ஆங்கிலத்தில் கதைக்கவில்லை.

ஜீவராஜ் பாலங்கரைக்குப் போய் அறிக்கை தந்தார். 'ஆய்வு செய்யப்பட்ட வீடுகள்: நாற்பத்திரண்டு. மதில் மூடி உள்ளவை: இல்லை. மதில் உள்ளவை: இல்லை. வீடு உள்ளவை: இல்லை.' இதைவிடத் தெளிவான தேவையை எந்தச் செயலகமும் கண்டிருக்காது என்று சேர் சொன்னார். வேறொரு ஊர்ப் பாடசாலை மதிலுக்காக வார்த்து, மதில் கட்டப்படாமல் மிஞ்சிப்போன சீமெந்து மூடிகள் களஞ்சியத்தில் அடுக்கிக் கிடந்தன. கொழும்பு கேட்பதற்கு முந்தி நாங்களே கொடுத்துவிட்டோம் என்றால் நல்ல பெயர். ஒரு வியாழக்கிழமை, இரண்டு உழவு இயந்திரப் பெட்டி நிறைய மூடிகள் பாடசாலை முற்றத்தில் இறக்கப்பட்டன.

"சேர், சுவர்?" என்று நான் கேட்டேன்.

"சுவர் வேற தலைப்பு, றினாஸ்" என்றார். "மூடி வேற தலைப்பு. ரெண்டையும் கலக்கப்படாது."

சுபைறா ராத்தா அந்தச் சீமெந்துத் துண்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மூன்றைப் பொறுக்கிக்கொண்டு போய் அடுப்புக்கல்லாக வைத்தார். முன்பிருந்த செங்கல் அடுப்பைவிட இது அசையாமல் நின்றது. மறுநாள் விறாந்தை முழுக்க அதே அடுப்பு. ஜீவராஜ் வந்து பார்த்துக் கவலைப்பட்டார்.

"ராத்தா, இது மதிலுக்கு மேல வைக்கிறது."

"மதில் வரக்குள்ள கழுவித் தாறன் தம்பி" என்றார் ராத்தா.

இதற்கிடையில் றஸாக்கின் பிரச்சினை முடிந்தபாடில்லை. மேலங்கியே இல்லை என்று கொழும்பு சொன்ன பிறகும் விசாரணைக் கோப்பு திறந்தேதான் கிடந்தது. காணாமற்போன பொருள் என்று ஒருதரம் பதிந்துவிட்டால், அதைக் கண்டுபிடித்து ஒப்படைக்க வேண்டும், அல்லது பழுதடைந்தது என்று அழிக்க வேண்டும். மூன்றாவது வழி விதிமுறையில் இல்லை. ஓய்வூதியத்துக்கு எட்டு மாதம் இருந்தது. மனிசன் இளைத்துப்போனார். ஒருநாள் என் மேசையடியில் வந்து நின்று, "றினாஸ், எங்கயாவது நாற்பத்திரண்டு மேலங்கி வாங்க ஏலுமா?" என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து விதிமுறைப் புத்தகத்தைப் படித்தேன். மறுநாள் சேரிடம் போனேன். வெள்ளத்தில் நனைந்து பாவனைக்கு உதவாமற்போன பொருட்களை மூவர் கொண்ட சபை பார்வையிட்டு எரிக்கலாம் என்று காட்டினேன்.

"எதப் பார்வையிடுற?" என்று சேர் கேட்டார்.

"பார்வையிட்டதாக் கையெழுத்து வைக்கணும் எண்டுதான் போட்டிரிக்கி சேர். பொருள் தெரியணும் எண்டு போடல்ல."

அவர் அந்தப் பக்கத்தை மூன்றுதரம் படித்தார். உண்மையிலேயே போட்டிருக்கவில்லை.

சேர், அச்சிமுகம்மது, ஜீவராஜ் மூவரும் சபை. ஆனால் படிவத்தில் 'எரியும்போது புகை அவதானிக்கப்பட்டதா?' என்று ஒரு கேள்வி இருந்தது. பொய் எழுத யாருக்கும் மனமில்லை. ஆகவே செயலகத்தின் பின்பக்கம் தேங்காய் உரித்த பொச்சுமட்டையைக் குவித்து நெருப்பு வைத்தோம். மூன்று உத்தியோகத்தர்களும் வரிசையாக நின்று, இல்லாத நாற்பத்திரண்டு மேலங்கிகளும் எரிவதை மரியாதையோடு பார்த்தார்கள். புகை கண்ணில் பட்டு அச்சிமுகம்மதுவுக்குக் கண்ணீர் வந்தது. றஸாக்குக்கும் வந்தது. அவருடையது புகையால் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் கொழும்பு உதவி நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா நேரிலேயே வந்தார். மெலிந்த, நல்ல சுபாவமான பெண். வெயிலில் முகம் சிவந்திருந்தது. மொழிபெயர்க்க நிந்தவூர்ப் பிள்ளை பஸ்னாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பிள்ளை அப்போதுதான் பட்டம் முடித்திருந்தது. செயலகமே திரண்டு பாடசாலைக்குப் போனோம். அம்மா விறாந்தையில் சுபைறா ராத்தாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். அதில் அந்தச் சொல் இருந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பஸ்னாவின் வாயைப் பார்த்தோம்.

"ராத்தா, இவ்வளவு கஷ்டத்தையும் எப்படிச் சமாளிக்கிறீங்க எண்டு கேக்காங்க" என்றாள் பஸ்னா.

ஷரிபுதீன் சேர் அச்சிமுகம்மதுவின் பக்கம் திரும்பினார். "சமாளிக்கிறதா? அவ்வளவுதானா?"

"அப்பிடியெண்டா அத நேராக் கேட்டிரிக்கலாமே" என்றார் அச்சிமுகம்மது.

"நேராத்தான் கேட்டிரிக்காங்க சேர்" என்றாள் பஸ்னா.

சுபைறா ராத்தா எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. அவரிடம் யாரோ ஒருவர் இப்போதுதான் முதல்முறையாக ஒரு ஒழுங்கான கேள்வி கேட்டிருந்தார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மழை பெய்தால் கரும்பலகைக்குக் கீழால் தண்ணீர் வருவதை. மூத்த மகள் ஹப்ஸா பள்ளிக்கூடத்திலேயே குடியிருப்பதால் கூடப்படிக்கிற பிள்ளைகளுக்கு வெட்கப்பட்டு வகுப்புக்குப் போகாமல் இருப்பதை. உடுப்பு மாற்ற மறைப்பு இல்லாமல், பெண்கள் ஒருவருக்கொருவர் பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதை. சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது. கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் தலையைக் குனிந்தோம். பிறகு, வந்த விருந்தாளிக்கு முன்னால் அழுதுவிட்டேனே என்று அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணைத் துடைத்தார். சிரித்தார்.

"எண்டாலும் அல்ஹம்துலில்லாஹ், ஏதோ சமாளிக்கிறம்" என்றார்.

பஸ்னா முழுவதையும் ஒழுங்காகத்தான் சொன்னாள். அம்மா கண்கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வசனம் வந்ததும் கொப்பியைத் திறந்து ஒரே ஒரு சொல்லை எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. பாலங்கரைக் குடும்பங்கள் மிகச் சிறப்பாகச் சமாளித்து வருவது நேரடியாக உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. அவர்களுக்கு எமது பாராட்டுகள். அவர்களுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கூரைத் தகரங்கள், சமாளிக்க இயலாத வேறொரு மாவட்டத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளன.

மூன்று மாதமாக அந்தச் சொல்லைப் பிழையாக விளங்கி வைத்திருந்தோம். அதனால் சீமெந்தாவது கிடைத்தது. சரியாக விளங்கிய மாதமே தகரம் போய்விட்டது.

இந்த முறை ஷரிபுதீன் சேருக்கும் உண்மையிலேயே கோபம் வந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: 'மேற்படி குடும்பங்கள் சமாளிக்கவில்லை. ஒருபோதும் சமாளித்ததில்லை. இனிமேலும் சமாளிக்கும் உத்தேசம் அவர்களுக்குக் கிடையாது.' நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது அவர்களுக்குக் கையெழுத்து நன்றாகப் பழகியிருந்தது.

பதில் உடனே வந்தது. சமாளிக்கவில்லை என்பதையிட்டு ஆழ்ந்த கவலை அடைகிறோம். ஆகவே அவர்களுக்குச் சமாளிக்கக் கற்பிக்கும் மூன்று நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றை ஒழுங்கு செய்துள்ளோம்.

அந்த வருடங்களில் பட்டறைதான் ஊரின் புது நாகரிகம். முந்தியெல்லாம் பட்டறை என்றால் கொல்லன் இரும்படிக்கிற இடம். இப்போது பெரிய கடதாசியும் வண்ணப் பேனைகளும் உள்ள இடமெல்லாம் பட்டறை. பயிற்சி தர கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்தார். தாடி, கைத்தறி ஜிப்பா, தோளில் துணிப்பை. எல்லோருக்கும் நெஞ்சில் பெயர் அட்டை குத்தினார். மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார், வெளியே விடச் சொன்னார். பாலங்கரையார் அதையும் கற்றுக்கொண்டார்கள். இரண்டாம் நாள் ஆளுக்கொரு கடதாசியைக் கொடுத்தார்.

"உங்கள் வாழ்க்கையை ஓர் ஆறாகக் கற்பனை செய்து வரையுங்கள்" என்றார்.

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது.

"ஆறு வேணாம் மகன்" என்றார் சுபைறா ராத்தா. "போன மார்கழியில அது எங்கட வீட்டுக்குள்ளயே வந்து தன்னத்தானே வரைஞ்சிட்டுப் போயிட்டு."

"நல்லது. அந்த நேரம் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"உரலத் தூக்கிக்கிட்டு ஓடினன்."

"பிறகு?"

"இடியப்பம் அவிச்சன்."

"ஏன் இடியப்பம்?"

"பசிச்சிச்சி மகன்" என்றார் ராத்தா.

தம்பிக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. மிச்சம் ஒன்றரை நாளும் ராத்தா கதைக்க, அவர்தான் எழுதிக்கொண்டிருந்தார். சமாளிக்கும் கலை பற்றிக் கொழும்பில் கிடைக்காத விசயமெல்லாம் அவருக்கு இங்கே கிடைத்தது. மூன்றாம் நாள் பின்னேரம் பிரியாணிப் பார்சலோடு நாற்பத்திரண்டு பேருக்கும் சான்றிதழ் வழங்கப்பட்டது. 'இவர் சமாளிக்கும் திறனை வெற்றிகரமாகப் பெற்றுக்கொண்டார்.' ஷரிபுதீன் சேர் கையால் கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகுதான் சான்றிதழை வாசித்தார். சமாளிக்கும் திறன் உள்ளவர்களுக்குத் தகரம் இல்லை. அவருக்கு அன்று பிரியாணி இறங்கவில்லை. மற்றவர்கள் சமாளித்துச் சாப்பிட்டோம்.

பாடசாலையைக் காலி செய்யச் சொல்லி ஆடி மாதம் கல்வித் திணைக்களம் கடைசி அறிவித்தல் அனுப்பியது. சனம் பாலங்கரைக்கே திரும்பியது. மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். கூரைக்குத் தென்னோலை பின்னிய கிடுகு. றஸாக் ஓய்வூதியத்துக்கு ஐந்து மாதம் இருக்கத் தன் தென்னந்தோட்டத்து ஓலை முழுக்க வெட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இதற்கும் அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஹப்ஸா மறுபடியும் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள்.

சுபைறா ராத்தாவைக் கொழும்பு விடவில்லை. ராத்தா சொன்னதெல்லாம் படம் போட்ட கைநூலாக அச்சாகி வந்தது. பிரதேசத்துக்கு ஒரு 'சமாளிப்பு இணைப்பாளர்' தேவை என்று சொல்லி, அவரையே அந்தப் பதவிக்கு எடுத்தார்கள். குடையும் சைக்கிளும் படிவக் கட்டும் கொடுத்தார்கள். சைக்கிள் ஓடத் தெரியாததால் அதை மகள் எடுத்துக்கொண்டாள். ராத்தா குடையோடு நடந்தார். நல்ல வேலைதான். மாதாமாதம் சம்பளம் வந்தது. வீட்டுக்குத் தகரமும் போட்டுக்கொண்டார். மற்ற நாற்பத்தொரு பேரும் கிடுகுதான்.

அடுத்த மார்கழியில் மழை பதினொரு நாள் பெய்தது. இந்த முறை தண்ணீர் பாலங்கரையோடு நிற்கவில்லை. பிரதான வீதியைக் கடந்து, உத்தியோகத்தர்கள் குடியிருக்கிற எங்கள் ஒழுங்கைக்குள்ளும் புகுந்தது. என் வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கட்டிலுக்கு மேல் கட்டில் அடுக்கி, மேல்கட்டிலில் உம்மாவை ஏற்றி வைத்திருந்தோம். மனைவி பரீனா கதிரையில் நின்று, அரிசிச் சாக்கைத் தலையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் வாசலில் குடை தெரிந்தது. சுபைறா ராத்தா. சாரியைத் தூக்கிச் செருகி, படிவக் கட்டைப் பொலித்தீன் பையில் போட்டு உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார்.

"தம்பி, ஒரு கேள்விதான்" என்றார். "எப்படிச் சமாளிக்கிறீங்க?"

சமாளிக்கிறோம் என்றால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். சமாளிக்கவில்லை என்றால் என்ன கிடைக்கும் என்றும் தெரியும். இரண்டையும் தட்டியவன் நான். ராத்தா பேனையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க தம்பி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் யோசிக்காமச் சொல்லிப்போட்டன்."

கதிரையில் நின்ற பரீனா என்னைப் பார்த்தாள். மேல்கட்டிலிலிருந்து உம்மாவும் எட்டிப் பார்த்தார். வாசலுக்கு வந்த மனிசி மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார். அவரிடம் போய் முகத்துக்கு நேரே சமாளிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"என்ன ராத்தா, ஏதோ சமாளிக்கிறம்" என்றேன். "உள்ளுக்கு வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்."

ராத்தா குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு படிவத்தில் ஒரு சரி போட்டுவிட்டு, தண்ணீரை விலக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அது ஷரிபுதீன் சேரின் வீடு. கேள்வி எங்களுக்குக் கேட்கவில்லை. பதில் கேட்டது. சேர் அதே வசனத்தை என்னைவிடக் கொஞ்சம் உரத்துத்தான் சொன்னார்.